ஆடி வரட்டும், அப்புறம் அப்டேட்

கேள்வி: அக்கா, எனக்குப் பகலில் சிங்கப்பூர் துவாஸில் ஒரு கிடங்கில் வேலை. வார இறுதியில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கிறேன். விண்டோஸ் கணினியில் டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ 19 என்ற எடிட் மென்பொருள் இருக்கிறது. இப்போது 20 வந்துவிட்டது, திறக்கும்போதெல்லாம் அப்டேட் செய்யச் சொல்லி ஒரு பெட்டி வந்து நிற்கிறது. கையில் மூன்று கல்யாணம் பாக்கி, அதில் ஒன்றை 12 நாளில் கொடுக்க வேண்டும். எனக்குக் கலர் (காட்சியின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை) செய்து கொடுக்கும் நண்பர் மலேசியாவின் ஜோகூர் பாருவில் இருக்கிறார். அவர் போன வாரமே 20-க்கு மாறிவிட்டார். அவசரக் கல்யாணத்தின் கலரை முடித்து அவர் அனுப்பிய புராஜெக்ட் என் கணினியில் திறக்கவில்லை. “நீயும் போட்டுவிடு, பத்து நிமிஷ வேலை” என்கிறார். பல கேமராக் காட்சிகளைச் சேர்த்து வெட்டும் மல்டிகேமில் கோணங்களை ஏஐ தானே மாற்றித் தருமாம், அந்த ஆசையும் இருக்கிறது. ஜூலை கடைசி இரண்டு வாரம் எனக்கு வேலை எதுவும் இல்லை, அதுவரை பொறுக்கவா, இப்போதே போடலாமா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: பொறுங்கள் தம்பி. 2025 ஜூலை 17 அன்று ஆடி பிறக்கிறது. அதற்குப் பிறகு போடுங்கள்.

ஏன் ஆடி என்பதைப் பிறகு சொல்கிறேன். நண்பர் விஷயம்தான் அவசரம், அதை முதலில் பார்த்துவிடுவோம்.

அவர் அனுப்பியது ஏன் திறக்கவில்லை என்றால், ரிசால்வில் புதிய பதிப்பில் ஒருமுறை திறந்த புராஜெக்ட் பழைய பதிப்புக்குத் திரும்பாது. 19-இல் செய்ததை 20 படிக்கும். 20-இல் செய்ததை 19 படிக்காது. முழு எண் மாறினால்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். 18-க்குப் பிறகு வந்த 18.5-இலும் இதே கதைதான், அதில் திறந்ததைப் பழையது ஏற்றுக்கொள்ளவில்லை. உங்கள் நண்பர் தப்பாக எதுவும் செய்துவிடவில்லை. சேர்ந்து வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாறிவிட்டார், அவ்வளவுதான். இரண்டு பேர் ஒரே புராஜெக்டில் கை வைத்தால், பதிப்பு மாற்றுவது இரண்டு பேரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. அடுத்த முறை அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கும்போது இதைச் சொல்லுங்கள்.

நல்ல செய்தி, உங்கள் எடிட் எங்கேயும் போகவில்லை. அவருக்கு நீங்கள் அனுப்பியது ஒரு பிரதிதான், மூலப் புராஜெக்ட் உங்கள் 19-இல் அப்படியே இருக்கிறது. சிக்கிக்கொண்டது அவர் செய்த கலர் மட்டும். அதை வாங்க அவர் பழைய பதிப்புக்கு இறங்கவும் வேண்டாம், நீங்கள் புதியதற்கு ஏறவும் வேண்டாம். எடிட் முடிவாகிவிட்டது என்றால், டைட்டிலையும் எழுத்துகளையும் அணைத்துவிட்டு, கலரோடு முழு டைம்லைனையும் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூஎக்ஸ் என்ற உயர்தர வீடியோ வடிவில் ஒரே கோப்பாக ரெண்டர் செய்து தரச் சொல்லுங்கள். அந்தக் கோப்பை உங்கள் 19 டைம்லைனில் கீழே வைத்து, மேலே உங்கள் தமிழ் டைட்டில்களையும் ஒலியையும் போட்டால் வேலை முடிந்தது. 1080-இல், 25 ஃபிரேமில், ஒரு மணி நேரக் காட்சி ஏறக்குறைய 80 ஜிகாபைட் வரும். இணையத்தில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, சனிக்கிழமை யாராவது கடற்பாலம் தாண்டி வரும்போது ஹார்ட் டிஸ்க்கில் கொடுத்தனுப்பச் சொல்வது மேல்.

எக்ஸ்எம்எல் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். அதில் வெட்டுகளும் கிளிப்பின் இடமும் வரும், கலர் வராது. வெட்டு உங்களிடமே இருக்கிறதே. ஒரு ஷாட்டின் கலரை லட் என்ற நிற அட்டவணைக் கோப்பாக எடுத்து அனுப்பினால் 19-இல் வேலை செய்யும், ஆனால் முகத்தை மட்டும் வட்டம் போட்டு வெளுப்பாக்கியது போன்ற சங்கதிகள் லட்டில் ஏறாது. ஆகவே ரெண்டர்தான்.

மற்ற இரண்டு கல்யாணத்தில், அவர் ஏற்கெனவே 20-இல் திறந்தது எதுவோ அதற்கும் இதே வழிதான், அவரிடமிருந்து முடித்த கோப்பாக வரட்டும். இன்னும் தொடாதது இருந்தால் அதை இப்போது அனுப்பாதீர்கள்.

இனி அந்தப் பத்து நிமிஷம்.

இன்ஸ்டால் ஆக எனக்கும் பத்து நிமிஷம்தான் ஆனது. சில வருடங்களுக்கு முன், சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் எங்கள் எடிட் அறை இருந்த காலம். மென்பொருளின் பெயர் வேண்டாம், இப்போது அது திருந்திவிட்டது. வியாழக்கிழமை மாலை காபிக்குப் போகும் முன் அப்டேட்டைத் தட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் ஒழுங்காகத் திறந்தது. வெள்ளிக்கிழமை ரெண்டர் செய்து டிஸ்க்கைக் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை விருந்து மண்டபத்தில், பெரிய திரையில், நாதஸ்வர இசையோடு தங்க நிறத்தில் எழும்பியது டைட்டில்: “திருமண வரவ ேற்பு”.

ஆமாம், கொம்பு பிரிந்து பின்னால் நின்றது. பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவர் கோபப்படவில்லை. என் மேசைக்கு வந்து, “ஏம்மா, அந்த ஏகாரம் வகரத்தோடு கோபித்துக்கொண்டு தனியே நிற்கிறதே, சமாதானம் செய்து வைக்கக் கூடாதா?” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

நடந்தது இதுதான். யூனிகோடில் ‘வே’ என்பது முதலில் வகரம், பிறகு ஏகாரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது குறியை முன்னால் கொண்டுவந்து ஒட்டுவது மென்பொருளின் எழுத்துக் கோக்கும் பகுதியின் வேலை. அப்டேட்டில் அந்தப் பகுதி மாறினாலோ, அதற்கான அமைப்பு பழைய நிலைக்குப் போய்விட்டாலோ, வரிசை கலையும். இதற்குப் பிழைச் செய்தி வராது. ஆங்கில டைட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். மென்பொருளைச் சோதித்தவர்கள் மேசையில் தமிழ் இருந்திருக்காது, அதனால் அந்தச் சோதனையை நாம்தான் செய்ய வேண்டும். பாமினி மாதிரி யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் டைட்டில் அடிக்கிறவர்களுக்கு இன்னும் மோசம். எழுத்துரு காணாமல் போய் வேறொன்று அந்த இடத்தில் வந்தால், மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குப்பை நிற்கும்.

இப்படிப் பட்டுத் தெரிந்துகொள்வது நமக்கு மட்டும் நேர்வதல்ல. 2011 ஜூனில் ஆப்பிள் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் என்ற எடிட் மென்பொருளை வெளியிட்டபோது, ஃபைனல் கட் 7-இல் செய்த புராஜெக்டுகளை அது திறக்கவே இல்லை. மல்டிகேமும் இல்லை, அது அடுத்த ஜனவரியில்தான் வந்தது. பழைய பதிப்பின் விற்பனையையும் நிறுத்திவிட்டு, எடிட்டர்கள் போட்ட கூச்சலில் சில வாரம் கழித்துத் திரும்ப விற்றார்கள். இன்றைக்கு அது நல்ல மென்பொருள். ஆனால் முதல் நாளே பாய்ந்தவர்களின் வேலை அந்தக் கோடை முழுவதும் நொண்டியது.

சரி, ஏஐ மல்டிகேம். அந்த வசதி உண்மைதான், ஸ்டூடியோ பதிப்பில் வருகிறது. யார் பேசுகிறார் என்று கண்டுபிடித்து அதற்கேற்பக் கோணத்தை மாற்றும். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் பேட்டிக்கு நேரம் மிச்சம். உங்கள் வேலை எங்கே நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் மண்டபம், ஐயர் மந்திரம் சொல்கிறார், தவில்காரர் கெட்டி மேளத்துக்குக் கையை ஓங்குகிறார், மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார், பெண்ணின் அம்மா கண்ணைத் துடைக்கிறார். அந்த நேரம் பேசுகிறவர் ஐயர் ஒருவர்தான். கருவி அவர் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்? வரவேற்பில் நண்பர்கள் மைக் பிடிக்கும் பத்து நிமிடத்துக்கு உதவலாம். அந்தப் பத்து நிமிடத்துக்காக இன்று மூன்று கல்யாணத்தைப் பணயம் வைக்காதீர்கள். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வசதியும் அப்படியே, மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

காத்திருப்பதால் காசு போவதும் இல்லை. ஸ்டூடியோவுக்கு ஒருமுறை 295 அமெரிக்க வெள்ளி கட்டிவிட்டீர்கள், இதுவரை வந்த பெரிய பதிப்புகள் எல்லாம் அந்த உரிமத்திலேயே கிடைத்திருக்கின்றன. 20 ஓடிப்போகாது.

இப்போது ஆடி. ரிசால்வைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் தன் பெரிய பதிப்புகளைப் பெரும்பாலும் ஏப்ரலில், லாஸ் வேகஸில் நடக்கும் ஒளிபரப்புக் கண்காட்சியை ஒட்டி அறிவிக்கும். 18 வந்தது 2022 ஏப்ரலில், 19 2024 ஏப்ரலில், 20 2025 ஏப்ரலில். பங்குனி சித்திரையில் சோதனைப் பதிப்பாக வந்தால், வைகாசி ஆனியில் உலகம் முழுக்க எடிட்டர்கள் தட்டித் தடுமாறி, குறைகளை எழுதி, ஒன்றிரண்டு திருத்தப் பதிப்புகள் வெளிவரும் பருவம். அதே வைகாசி ஆனிதான் நமக்கு முகூர்த்தம் குவியும் நேரமும். ஆடியில் கல்யாணம் இல்லை. கேமராவுக்கும் ஓய்வு, கணினிக்கும் ஓய்வு, புதிய பதிப்பும் கொஞ்சம் பக்குவப்பட்டிருக்கும். ஆவணி பிறப்பதற்குள் ஒரு மாதம் பழகிக்கொள்ளலாம். ஆடி தவறினால் மார்கழி. நான் பத்து வருடமாக இந்த இரண்டு மாதங்களில்தான் பெரிய அப்டேட் போடுகிறேன். என் உதவியாளர் பையன் இதை ‘ஆடித் தள்ளுபடி’ என்று கிண்டல் செய்வான், போகட்டும்.

நாள் வந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முந்தின நாள் இரவு, புராஜெக்ட் மேனேஜரில் ஒவ்வொரு புராஜெக்டையும் ஸ்டில், லட் சேர்த்து ஏற்றுமதி செய்யுங்கள். டிஆர்பி என்று முடியும் கோப்பாக வரும், தொலைக்காட்சிக்காரர்கள் வியாழக்கிழமைதோறும் பயப்படும் டிஆர்பி இல்லை. சின்னக் கோப்புதான், ஏனென்றால் உங்கள் வெட்டும் கலரும் மட்டுமே அதில் இருக்கும், காட்சி இருக்காது. பிறகு புராஜெக்ட் லைப்ரரி முழுவதையும் பேக்கப் எடுங்கள். இரண்டையும் வேறொரு டிஸ்க்கில் போடுங்கள். இப்போது எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதைப் புள்ளி எண் வரை குறித்துக்கொண்டு, அதன் இன்ஸ்டாலரை பிளாக்மேஜிக்கின் உதவிப் பக்கத்திலிருந்து இறக்கிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்புகளை அங்கே வைத்திருக்கிறார்கள். ரிசால்வ் பழையதன் மேலேயே ஏறி உட்காரும், அடோபியின் பிரீமியர் எடிட் மென்பொருள் போல இரண்டு பெரிய பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே திரும்பும் வழி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், காட்சி இருக்கும் டிஸ்க்குகளைக் கழற்றிவிடுங்கள். இது என் பயந்த சுபாவம் என்று சிரிப்பார்கள். 2017-இல் பிரீமியரின் 11.1 பதிப்பில், பழைய தற்காலிகக் கோப்புகளைத் தானே சுத்தம் செய்யும் வசதி வந்தது. தற்காலிகக் கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலருக்கு, அது பக்கத்தில் இருந்த மற்றக் கோப்புகளையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிட்டது. 11.1.1-இல் சரி செய்தார்கள். அடுத்த வருடம் ஒருவர் அமெரிக்காவில் வழக்கே போட்டார். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த மென்பொருளாலும் அழிக்க முடியாது. கேபிளைப் பிடுங்க ஒரு நொடி.

போட்டு முடித்ததும் பழைய லைப்ரரியைத் திறக்காதீர்கள். புதிதாக ஒரு லைப்ரரி உருவாக்கி, முடித்துக் கொடுத்த ஏதாவது ஒரு கல்யாணத்தின் டிஆர்பியை அதில் இறக்குமதி செய்யுங்கள். அதிலிருந்து இரண்டு நிமிடம் போதும், ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் வேலை முழுக்க இருக்க வேண்டும். மல்டிகேம் ஒரு துண்டு, நீங்கள் வழக்கமாகப் போடும் ப்ளக்-இன், மேளச் சத்தம் உச்சத்தில் இருக்கும் ஒரு ஒலித் துண்டு. டைட்டிலுக்கு என் வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: “ஸ்ரீ பெருமாள் கோயில், கெட்டி மேளம் கொட்டும் வேளை, கௌரவ விருந்து”. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், ஔகாரம், ஸ்ரீ எல்லாம் இதில் வந்துவிடும். சாதாரண டெக்ஸ்டிலும் டெக்ஸ்ட் பிளஸ்ஸிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு விதமாக எழுத்தை வரையும். சப்டைட்டிலிலும் ஒரு வரி. அதை ரெண்டர் செய்து, பென்டிரைவில் போட்டு, வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். எடிட்டரின் கண் தன் டைட்டிலைப் படிக்காது, படித்ததாக நினைத்துக்கொள்ளும்.

அதே நாளில் கிராஃபிக்ஸ் டிரைவரையும் விண்டோஸையும் சேர்த்து மாற்றாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று. இல்லையென்றால் சிக்கல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சிம் லிம் ஸ்கொயர் கடையில் கணினியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டி வரும். என்விடியா கார்டு என்றால், விளையாட்டுக்கான டிரைவரை விட்டுவிட்டு ஸ்டூடியோ டிரைவரை எடுங்கள். விண்டோஸின் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் ஆடி, மார்கழி எல்லாம் பார்க்கக் கூடாது. அவை வந்ததும் போட வேண்டியவை.

காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. இன்று உங்களை வேலை செய்ய விடாமல் அடிக்கிற ஒரு கோளாறு, அதைச் சரி செய்துவிட்டோம் என்று புதிய பதிப்பின் குறிப்பிலேயே எழுதியிருந்தால் போடலாம். புதிதாக வாங்கிய கேமராவின் கோப்பைப் பழைய பதிப்பு படிக்கவே மறுத்தாலும் வேறு வழியில்லை. உங்கள் கடிதத்தில் இரண்டும் இல்லை. நண்பர் மாறிவிட்டார் என்பதும் பெட்டி வந்து தொல்லை செய்கிறது என்பதும்தான் இருக்கின்றன.

பிரீமியர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், கிரியேட்டிவ் கிளவுட் செயலியில் தானாக அப்டேட் ஆவதை அணைத்துவிடுங்கள். கையால் போடும்போதும் ‘பழைய பதிப்பை நீக்கு’ என்ற குறியை எடுத்துவிட்டுத் தொடருங்கள். ஃபைனல் கட் காரர்கள் ஆப் ஸ்டோரின் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, போடும் முன் இப்போதுள்ள செயலியையே ஒரு ஜிப் கோப்பாக எடுத்து வைக்கட்டும்.

தம்பி, அந்தப் பெட்டியை ‘பிறகு’ என்று மூடிவிட்டு, ரிசால்வின் பிரிஃபரன்சஸில் அப்டேட்டைத் தானாகத் தேடும் குறியை எடுத்துவிடுங்கள். இன்றிரவே நண்பரைக் கூப்பிட்டு ரெண்டர் கேளுங்கள், டைட்டிலை அணைக்கச் சொல்ல மறக்க வேண்டாம். ஆடி பிறப்பது வியாழக்கிழமை, நீங்கள் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். 19-ஆம் தேதி சனிக்கிழமை காலையில் உட்காருங்கள். நண்பரையும் வரச் சொல்லுங்கள், அவர் ஒரு மாதமாக 20-இல் என்ன பாடு பட்டார் என்பதை அந்தக் கணினியின் முன்னால் வைத்தே கேட்டுவிடலாம்.